செவ்வாய்க்குப் போவதா, இங்கிருந்தே பார்ப்பதா?

கிளிநொச்சி அறிவியல்நகரில் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் போவோம் என்பார்கள். விஞ்ஞானிகள்? அது அவர் எதை ஆராய்கிறவர் என்பதைப் பொறுத்தது.

கல்லும் மண்ணும் பார்க்கிறவர் கட்டாயம் போவார். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் நிலவுக்குப் போன புவியியலாளர் ஹரிசன் ஷ்மிட், செம்மஞ்சள் மண்ணைக் கண்டதும் அந்த இடத்திலேயே தோண்டிப் பார்த்தார். மூன்று நாளில் அவரும் கூட்டாளியும் வண்டியில் ஓடிய தூரம் ஏறக்குறைய 35 கிலோமீற்றர். செவ்வாயில் ஒப்பர்சூனிட்டி என்ற ரோவருக்கு (ஆளில்லாமல் ஓடும் ஆய்வு வண்டி) 42 கிலோமீற்றர் ஓட 11 வருசம் பிடித்தது.

2021இல் பேர்சிவரன்ஸ் என்ற இன்னொரு ரோவர் செவ்வாயில் இறங்கிய ஜெசரோ பள்ளம் ஒரு பழைய ஏரி. கனகராயன் ஆறு இரணைமடுவுக்குள் வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோல, அங்கேயும் ஓர் ஆறு சேர்த்திருக்கிறது. மண்வெட்டியோடு ஓர் ஆள் இறங்கினால் அரை நாளில் பார்க்கக்கூடியதை ரோவர் பார்க்கக் கிழமைக்கணக்காகும். பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம்.

காற்றையும் காலநிலையையும் ஆராய்கிறவர் ஏன் போகவேண்டும்? தரவு அவருடைய மேசைக்கே வருகிறது. போனால் போக ஏழெட்டு மாதம், திரும்பும்வரை மொத்தம் கிட்டத்தட்ட மூன்று வருசம், கதிர்வீச்சு, எலும்புத் தேய்வு. வீட்டில் ஒரு சாவு என்றாலும் வரமுடியாது. அது எப்படியிருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

உயிரின் தடயம் தேடுகிறவர் பாடுதான் சிக்கல். ஆள் போனால் அவரோடு கிருமியும் போகும். அப்புறம் அங்கே கிடைப்பது செவ்வாயுடையதா, நாங்கள் கொண்டுபோனதா என்று பிரித்தறிவது பெரும்பாடு. ஆசையிருந்தாலும் அவர் இங்கேயே இருப்பதுதான் நல்லது.