ஓப்பன் டிடிடி: தாம்பரம் ரூட்டா, விழுப்புரம் ரூட்டா, மதுரை ரூட்டா?

ரயில், பஸ், விமானம் எல்லாம் விட்டுப் போக்குவரத்து கம்பெனி நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஓப்பன் டிடிடி. சென்னையில் அதை ஆடும் எங்கள் வட்டத்தில் தீராத வழக்கு ஒன்று: ரூட் எவ்வளவு நீளமாக இருந்தால் லாபம்? ஸ்டேஷன்களுக்கு நம் ஊர்ப் பெயர்களை வைத்து ஆடுவதால் கட்சிகளுக்கும் அதே பெயர்கள். வரைபடம் சதுரக் கட்டங்களால் ஆனது; ரூட் 20 கட்டத்துக்குள் முடிந்தால் தாம்பரம் கட்சி, 80 கட்டம் வாக்கில் போனால் விழுப்புரம் கட்சி, 200ஐத் தாண்டினால் மதுரை கட்சி.

சரக்கின் அளவு, தூரம், பயண நாள் ஆகியவற்றை வைத்துத்தான் காசு வருகிறது. இதில் தூரம் என்பது தண்டவாளத்தின் நீளம் இல்லை. இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவே நீளவாக்கில் எத்தனை கட்டம், அகலவாக்கில் எத்தனை கட்டம் என்று கூட்டிக்கொள்கிறார்கள். மாநகரப் பேருந்தில் ஸ்டேஜ் ஏற ஏற டிக்கெட்டும் ஏறும். இங்கே ஊரைச் சுற்றிப் போனால் நாள்தான் வீண். மாறாகக் கட்டங்களுக்குக் குறுக்காகத் தண்டவாளம் போட்டால் அதே காசுக்கு ரயில் ஓடும் நீளம் சுமார் 30 சதவீதம் குறையும். திரையில் நேர் மேல்கீழாகவோ இடவலமாகவோ தெரிவதுதான் அந்தக் குறுக்குப் பாதை.

தாம்பரம் கட்சியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏற்றி இறக்கவே பாதி நேரம் போய்விடும், பிளாட்பாரத்தில் நிற்கும்போதும் ஓட்டச் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் பஸ் விடுவதற்குச் சரி, ரயிலுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். தூரம் இரட்டிப்பானால் ஒரு நடையின் வருமானமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆனால் வருஷத்துக்கு ஓடும் நடைகள் பாதியாகிவிடும். ஆக, ரயில் ஒன்றுக்கு வருஷ லாபம் பெரிதாக மாறுவதில்லை. ஏற்றி இறக்கும் நேரம் மிச்சமாவது மதுரைக்குச் சாதகம். நாள் கூடக் கூடக் கட்டணம் தேய்வது பாதகம். எவ்வளவு தேயும் என்பது சரக்கைப் பொறுத்தது. பயணிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே குறையும்: 50 நாளில் சுமார் 92 சதவீதம், 100 நாளில் 78. நிலக்கரிக்கு முதல் 17 நாளுக்கு முழுக் கட்டணம், 100 நாளிலும் 87 சதவீதம் கிடைக்கும். அதனால் மெதுவான எஞ்சினை வைத்துக்கொண்டு பயணிகளை மதுரைக்கு அனுப்புவது வெட்டி வேலை. நிலக்கரி தாங்கும்.

அப்படியானால் நிலக்கரியை எப்போதும் தூரமாகவே கொண்டுபோகலாமா? கையில் எது குறைவு என்று பார்க்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் குறைவாக இருப்பது பணம். 240 கட்டத்துக்குத் தண்டவாளம் போட்டால் லோன் அதிலேயே கரைந்துவிடும், ரயில் வாங்கக் காசு இருக்காது. அப்போது விழுப்புரம்தான், சந்தேகமே வேண்டாம். பத்துப் பதினைந்து வருஷம் கழித்துக் காசு குவிந்த பிறகு சுரங்கத்தின் உற்பத்திதான் பற்றாக்குறை. மாதம் இத்தனை டன்தான் என்றால் டன் ஒன்றுக்கு அதிகம் பார்க்க வேண்டும். 80 கட்டத்தை 240 ஆக்கினால் அதே டன்னுக்கு மூன்று மடங்கை நெருங்கும். அதற்கு ஏற்ப ரயில்களும் ஏறக்குறைய மூன்று மடங்கு வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் மதுரை கட்சிக்காரர்கள் அடிவாங்குகிறார்கள்: ரயில் வருவது அரிதானால் ஸ்டேஷன் ரேட்டிங் (அங்கே நம் சேவைக்கு ஆட்டம் போடும் மதிப்பெண்) சரிந்து, சுரங்கம் கொடுக்கும் பங்கும் குறைகிறது. நிரம்பும்வரை நிற்கச் சொல்லும் ‘ஃபுல் லோடு’ உத்தரவு கொடுத்து, ஒரு ரயில் போனதும் அடுத்தது வந்து நிற்கும்படி வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

பயணிகளை மதுரைக்கு அனுப்பியே தீருவேன் என்பவர்கள் விமானம் வாங்கலாம். ஆனால் ஆட்டத்தின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) மாற்றாதவரை விமானங்கள் போட்டிருக்கும் வேகத்தில் கால்வாசிதான் பறக்கும். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.