சுங்கை சிப்புட் ஏ.டி.வி. வாடகைக் கடை: கனமழைக்கு மறுநாள் சரிவுப் பாதைக்கு வண்டி தராத கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்ட ஓரத்தில் ஏ.டி.வி. (மண்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாடகைக்குத் தரும் கடை. கனமழைக்கு மறுநாள் யார் கேட்டாலும் சரிவுப் பாதைக்கு வண்டி தரமாட்டார்கள். அந்த ஒன்றுக்காகவே தாராளமாகப் போகலாம். ஈரச் செம்மண்ணில் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் பள்ளம் விழும். அடுத்த மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தையே வாய்க்காலாக்கி அரித்துவிடும். பிறகு செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் அந்தப் பாதையில் ஏறாது. குட்டை தெரிந்தால் ஓரமாகச் சுற்றிப்போகாமல் நடுவிலேயே மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். அதுதான் சரி. சுற்றிப்போனால் பாதை அகலும், மர வரிசைக்குள் மண் இறுகும்; செம்பனையின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன.

வண்டிப் பராமரிப்பு நன்று. ஏ.டி.வி. டயருக்குப் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். பெட்ரோல் நிலைய மீட்டர் இவ்வளவு குறைந்த அளவைத் துல்லியமாகக் காட்டாது. இங்கே அதற்கென்றே தனி கேஜ் வைத்திருக்கிறார்கள். ஹேண்டலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, திராட்டலை (வேகம் கூட்டும் விசையை) அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்க்கிறார்கள்: விசை டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திராட்டல் கேபிளில் சேறு புகுந்து ஒட்டிக்கொண்டால் வண்டி கட்டுக்கடங்காது. ஓட்டுபவர் விழுந்தால் இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு மணிக்கட்டில் கட்டாயம்.

ஆற்றில் வண்டியின் கால்பலகைக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். சக்கரத்துக்கு இஞ்சின் சக்தியைக் கடத்தும் பெல்ட் நனைந்தால் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. பெல்ட் மூடியின் அடியிலிருக்கும் அடைப்பைத் திறந்து தண்ணீரை வடித்து, நியூட்ரலில் லேசாக முடுக்கினால் காய்ந்துவிடும்.

குறைகள் இரண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் ஹெல்மெட் இல்லை. அதைவிட மோசம், சிக்கிய வண்டியை வின்ச்சால் (கம்பிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவியால்) இழுக்கும்போது கம்பிக் கயிற்றை நேராக மரத்தில் சுற்றுகிறார்கள். அது மரத்தை அறுக்கும். மரத்தில் சுற்ற மூன்று அங்குல அகல நைலான் பட்டை ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

ஏ.டி.வி.யைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. தோட்டத்துக்குள் போக மேனேஜரின் அனுமதி வேண்டும், அதைக் கடையே வாங்கி வைத்திருக்கிறது. காட்டு ரிசர்வ் என்றால் மாநில வன இலாகாவின் பெர்மிட் தனி.

குலை வெட்டும் நாளில் டிராக்டர் நடமாட்டம் அதிகம். முன்பதிவு செய்யும்போதே எந்தப் பக்கம் வெட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ் கொண்டு போங்கள், கடையில் கிடைக்காது.