ஜியாலஜி ஹோம்வொர்க் உதவி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

பட்டத்துக்கு ஒரு அறிவியல் தாள் கட்டாயம் என்பதற்காக ஜியாலஜி எடுத்தவர்களுக்கான விமர்சனம் இது. விடை விற்கும் தளங்கள், கல்லைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப்கள், ஆன்லைன் டியூட்டர், ஏஐ சாட், இலவச மென்பொருள் என்று உதவி பல வடிவில் கிடைக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வரைபடக் கணக்குக்கு நல்ல டியூட்டர் கொடுத்த காசுக்குத் தகும். கனிமம் அடையாளம் காண, சோதனைப் பொருட்கள் அடங்கிய சின்னப் பெட்டி ஒன்று எந்த ஆப்பையும்விட மேல். விடை விற்கும் தளங்களுக்குச் சந்தா கட்டுவது வீண்.

விடைத் தளங்களின் சிக்கல், விடை எப்போதும் தப்பு என்பதல்ல. ஒரே கேள்வியை ஆசிரியர்கள் எண்களை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். தளத்தில் கிடப்பது பழைய எண்ணுக்கான விடை. அதைவிட மோசம், வழிமுறையே பிசகிய விடைகளும் அங்கே உண்டு. கதிரியக்கக் காலக் கணிப்பில் வழக்கமாக வரும் ஒரு கேள்வியைப் பாருங்கள். ஒரு படிகத்தில் யுரேனியம்-235க்கும் அதிலிருந்து பிறந்த ஈயம்-207க்கும் உள்ள விகிதம் 1:3; வயது என்ன? தாய் அணு ஒரு பங்கு, சேய் மூன்று பங்கு, மொத்தம் நான்கு. ஆகத் தாயில் மிஞ்சியது நான்கில் ஒன்று, அதாவது இரண்டு அரை ஆயுள் (அரை ஆயுள் என்பது தாய் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்). ஒரு அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு என்பதால் வயது 140.8 கோடி ஆண்டு. 1:3 என்பதை ‘மூன்றில் ஒன்று மிச்சம்’ என்று படித்துவிட்டால் சுமார் 111.6 கோடி என்று வரும். பார்க்க நம்பும்படியான எண்தான். வழியைக் காட்டாத விடையில் இந்தச் சறுக்கல் கண்ணில் படவே படாது. மதிப்பெண்ணும் பெரும்பாலும் வழிக்குத்தான், கடைசி எண்ணுக்கு அல்ல.

அடுத்தது கல்லின் பெயர் சொல்லும் ஆப்கள். மலையேறும்போது பொழுதுபோக்காகப் பார்க்கச் சரி. லேப் தாளுக்கு உதவாது, காரணம் எளிது: ஆப் பார்ப்பது நிறத்தையும் பளபளப்பையும் வடிவத்தையும். கனிமங்களில் ஏமாற்றுவதும் அவையேதான். வெள்ளையாக, கண்ணாடி மினுக்கோடு இருக்கும் ஒரு துண்டு குவார்ட்ஸாக இருக்கலாம், கால்சைட்டாக இருக்கலாம், ஃபெல்ட்ஸ்பாராக இருக்கலாம், ஹாலைட்டாகவும் இருக்கலாம். படத்தில் நான்கும் ஒன்றுபோலத் தெரியும். கையில் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5. குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. இரண்டும் கண்ணாடியைக் கீறும். கால்சைட் 3, ஹாலைட் 2.5, இரண்டும் கீறாது. கீறிய இரண்டில், ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு சமதளமாகப் பிளந்திருப்பது ஃபெல்ட்ஸ்பார். பிளவுத் தளமே இல்லாமல் சிப்பி ஓடுபோல வளைவாக உடைந்திருப்பது குவார்ட்ஸ். கீறாத இரண்டில், கனசதுரமாக உடைவது ஹாலைட். 75, 105 பாகையில் சாய்சதுரமாக உடைந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுப் பட்டதும் நுரைப்பது கால்சைட்.

ஆகவே ஆப் சந்தாவுக்குப் பதில் பெட்டி. அதில் இருக்க வேண்டியவை: கண்ணாடித் தகடு, மெருகிடாத பீங்கான் ஸ்ட்ரீக் தகடு (கனிமத்தைத் தேய்த்து அதன் தூளின் நிறம் பார்க்க), இரும்பு ஆணி, காந்தம், 10 மடங்கு கைலென்ஸ், அமிலத்துக்கு ஒரு சொட்டுப் புட்டி. அழகான மரப்பெட்டியில் இருபது முப்பது கல் அடுக்கி விற்பதை வாங்க வேண்டாம். அவை தேர்ந்தெடுத்த சுத்தமான படிகங்கள், லேபில் வருவதோ அழுக்கும் சிதைவுமான துண்டுகள். கற்களைவிடக் கருவிகள் நன்றாக உள்ள பெட்டிதான் தேவை. ஸ்ட்ரீக் தகடு வெள்ளை, கறுப்பு இரண்டு நிறத்திலும் இருப்பது நல்லது. வெள்ளைக் கனிமத்தின் தூள் வெள்ளைத் தகட்டில் தெரியாது.

இந்தப் பெட்டிகளோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, சோதனை எங்கே பொய் சொல்லும் என்பதை. கண்ணாடியில் கோடு விழுந்ததும் ‘கீறிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். முதலில் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்ததும் போனால் அது கனிமத்தின் தூள், கண்ணாடிதான் அதைக் கீறியிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் சிதைந்த மேற்பரப்பில் கடினத்தன்மை பார்த்தால் எல்லாமே மெத்தென்று காட்டும். புதிதாக உடைந்த முகத்தில்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீக் தகட்டின் கடினத்தன்மை ஏறத்தாழ 6.5 முதல் 7. அதைவிடக் கடினமானதைத் தேய்த்தால் வரும் வெள்ளைப் பொடி தகட்டினுடையது. அமிலத்திலும் ஒரு பொறி உண்டு: நுரைத்தால் சுண்ணாம்புக்கல் என்று முடிவு கட்டக் கூடாது. கால்சைட் பசையால் ஒட்டிய மணற்கல்லும் நுரைக்கும். லென்ஸில் மணல் துகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். டோலமைட் மறுபுறம், முழுத் துண்டாக இருக்கும்போது சும்மா இருந்துவிட்டு, ஆணியால் சுரண்டித் தூளாக்கிய இடத்தில் மட்டும் மெல்லக் கொப்பளிக்கும்.

டியூட்டர் விஷயத்துக்கு வருவோம். கட்டாயப் பாடமாக எடுத்தவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வரைபடம்: சாய்ந்த அடுக்கு ஒன்றை மனதில் முப்பரிமாணத்தில் நிறுத்த முடியாததுதான் தடை. இதை எழுத்தில் விளக்குபவரால் பயனில்லை, கூடவே வரைபவர் வேண்டும். நல்ல டியூட்டரா என்று மூன்று ஆழ்துளைக் கணக்கை வைத்தே சோதித்துவிடலாம். ஏ, பி, சி என்று மூன்று துளைகள். நிலக்கரி அடுக்கின் மேல்முகம் கடல் மட்டத்துக்கு மேல் முறையே 400, 300, 200 மீட்டரில் கிடைக்கிறது. வரைபட அளவு 1:10,000. ஏயையும் சியையும் கோட்டால் இணைத்தால் அதன் நடுப்புள்ளி 300 மீட்டர். அதை பியோடு இணைத்தால் கிடைப்பது ஸ்ட்ரைக் கோடு. அந்தக் கோட்டில் அடுக்கு எங்கும் ஒரே உயரம். சியிலிருந்து அதற்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். 4 செ.மீ. என்றால் நிலத்தில் 400 மீட்டர், அதற்குள் இறக்கம் 100 மீட்டர், 100 வகுத்தல் 400 என்பது 0.25. அதை டேனாகக் கொண்ட கோணம்தான் டிப், அதாவது அடுக்கின் சாய்வு: 14 பாகை. திசை, ஸ்ட்ரைக் கோட்டிலிருந்து சி பக்கம்.

இதில் மாணவர் செய்யும் பிழைகளைக் கேட்காமலே எடுத்துச் சொல்பவர்தான் கெட்டிக்காரர். செங்குத்தாக அளக்காமல் சியிலிருந்து நடுப்புள்ளிக்கு நேராக அளந்து, 5 செ.மீ. எடுத்து, 11 பாகை என்று எழுதுவது முதல் பிழை. அது வெறும் தோற்ற டிப், அதாவது சாய்வுத் திசையை விட்டு விலகி அளந்தால் வரும் குறைந்த கோணம். துளையின் ஆழத்தையே உயரமாக எடுத்துக்கொள்வது இரண்டாவது. தரைமட்டத்திலிருந்து ஆழத்தைக் கழித்தால்தான் அடுக்கின் உயரம். தோற்ற டிப் சூத்திரத்திலும் இதே குழப்பம் வரும்: உண்மை டிப்பின் டேனை, ஸ்ட்ரைக்குக்கும் குறுக்குவெட்டு எடுக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். உண்மை டிப் 40, கோணம் 30 என்றால் விடை சுமார் 23 பாகை. கோணத்தை டிப் திசையிலிருந்து அளந்ததாக நினைத்து கோசைன் போட்டால் 36 வரும். எந்தக் கோட்டிலிருந்து அளந்தோம் என்று கேட்காமல் சூத்திரத்தை மட்டும் தரும் டியூட்டர் வேண்டாம்.

‘எர்த் சயின்ஸ்’ என்று தலைப்புப் போட்டுக்கொண்டவர்களில் பலர் அடுக்கு வரைபடத்தைத் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். அறிமுக அழைப்பில் ஒரு கேள்வி போதும்: “அடுக்கு ஓடை இறங்கும் பக்கமே சாய்ந்தால், வரைபடத்தில் அது ஓடையைக் கடக்கும் இடத்தில் வரும் வி வடிவத்தின் முனை எந்தப் பக்கம் பார்க்கும்?” ‘கீழ்நோக்கி’ என்று சட்டென்று முடிப்பவர் பாதிதான் சொன்னார். அடுக்கின் சரிவு ஓடையின் சரிவைவிடச் செங்குத்தாக இருந்தால் மட்டுமே கீழ்நோக்கி. அதைவிடத் தட்டையாக இருந்தால் மேல்நோக்கித்தான். அந்த நிபந்தனையைச் சேர்த்துச் சொல்பவரை வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்கு இவ்வளவு என்பதைவிட மணிக்கணக்குக் கட்டணம் நல்லது. கேள்விக்கணக்கில் அவர் அவசரமாக விடையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தாளை முந்தின நாளே, அளவுகோலும் வடக்குக் குறியும் விளிம்பில் வெட்டுப்படாமல் முழுசாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

ஏஐ சாட்டுக்கு ஒரே பத்தி போதும். எண்ணாகக் கொடுத்த கணக்குக்கு உதவும்: பி அலை விநாடிக்கு 6 கி.மீ., எஸ் அலை 3.5 கி.மீ., இரண்டும் வந்து சேரும் இடைவெளி 24 விநாடி என்றால் நிலநடுக்க மையம் சுமார் 202 கி.மீ. தொலைவு என்பதை வழியோடு காட்டும். சமஉயரக்கோட்டு வரைபடத்தைப் படமாகக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் நம்ப வேண்டாம். தெளிவில்லாத கோட்டுக்குத் துணிந்து ஒரு உயரத்தைச் சொல்லிவிடும்.

இலவசத்தில் மூன்று. கனிமத் தகவலைச் சரிபார்க்க மைண்டாட் இணையதளம். அடுக்குகளின் மடிப்பும் பிளவுப்பெயர்ச்சியும் நிலப்பரப்பை வெட்டினால் எப்படித் தெரியும் என்று திருப்பித் திருப்பிப் பார்க்க விசிபிள் ஜியாலஜி. டியூட்டர் அரைமணி விளக்குவதை இதில் ஐந்து நிமிடம் விளையாடிப் புரிந்துகொள்ளலாம். தளங்களின் திசையையும் சாய்வையும் ஒரு வட்டத்தில் காட்டும் ஸ்டீரியோநெட் படம் வரைய, ரிச்சர்ட் ஆல்மெண்டிங்கரின் ஸ்டீரியோநெட் மென்பொருள். இதில் வலதுகை விதி தெரியாமல் எண்ணை இட்டால் தளம் எதிர்ப்பக்கம் சாயும்: டிப் எப்போதும் ஸ்ட்ரைக்கின் வலப்பக்கம் என்று கொள்வதால் 040/30 (ஸ்ட்ரைக் 040, டிப் 30) என்றால் தென்கிழக்குச் சாய்வு, 220/30 என்றால் வடமேற்கு. விடை தலைகீழாக வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரி லேபிலேயே உதவி நேரம் இருந்தால், கனிமத்துக்கும் பாறைக்கும் அதை மிஞ்ச எந்தச் சேவையும் இல்லை. தேர்வில் வரப்போகும் துண்டே அங்கே கையில் கிடைக்கும். வெளியார் உதவி எதுவரை அனுமதி என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். வழி கேட்பதை ஏற்கும் ஆசிரியரும், விலைக்கு வாங்கிய விடையைத் திருட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஆன்லைனில் யாரிடம் உதவி பெற்றாலும், வரைபடத் தாளை அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கிவிட்டு 100% அளவில் அச்சிடுங்கள். தாள் கொஞ்சம் சுருங்கினாலும் 1:10,000 என்று அச்சாகியிருப்பது பொய்யாகிவிடும். டியூட்டர் திரையில் ஒரு நீளமும் நீங்கள் தாளில் வேறு நீளமும் அளந்துகொண்டிருப்பீர்கள். சந்தேகம் வந்தால் விகிதத்தை நம்பாமல், வரைபடத்தோடு சேர்ந்து சுருங்கும் பட்டை அளவுகோலை ஸ்கேல் வைத்து அளந்து அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.