கழிவுப் பஞ்சில் புண்ணுக்கு ஜெல்: வெள்ளி ஏற்றுவதா, மின்னேற்றம் கொடுப்பதா?

எங்க அமுச்சிக்கு (பாட்டிக்கு) காலில் சர்க்கரைப் புண். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் புதுச் சதையும் சேர்ந்து உரிந்து வரும். சலைன் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல எடுப்போம். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டாமல் வரும் ஹைட்ரோஜெல் மேல் எனக்கு அக்கறை வந்தது அப்போதுதான். அதற்கு வேண்டிய செல்லுலோஸ் (பஞ்சு நாரை ஆக்கும் நீளச் சங்கிலி மூலக்கூறு) நம் ஸ்பின்னிங் மில்களின் கழிவுப் பஞ்சிலேயே கிடக்கிறது.

புண்ணில் கிருமியைக் கொல்லும் திறனையும் அந்த ஜெல்லுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முதல் வழி வெள்ளி. பஞ்சைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மோனோகுளோரோ அசெட்டிக் அமிலம் சேர்த்தால் சிஎம்சி (கார்பாக்சிமெதில் செல்லுலோஸ், தண்ணீரில் கரையும் செல்லுலோஸ்) கிடைக்கும். பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங்காரர்களுக்குத் தெரிந்த பொருள்தான். சிட்ரிக் அமிலத்தோடு சூட்டில் வைத்தால் சங்கிலிகள் பிணைந்து, கரையாமல் ஊதும் ஜெல்லாகிவிடும். அதில் ஏற்றிய வெள்ளி அயனி, கிருமியின் நொதிகளிலுள்ள கந்தகத்தைப் பிடித்து முடக்கும். 1.2 சதவீத வெள்ளியுள்ள சிஎம்சி நார்க்கட்டு ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. ஆனால் வெள்ளி கசிந்தால்தான் வேலை நடக்கும். அதிகம் கசிந்தால் புண்ணை மூட வரும் தோல் செல்களும் வாடும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. 7 பங்கு காஸ்டிக் சோடா, 12 பங்கு யூரியா, 81 பங்கு தண்ணீர். இதை மைனஸ் 12 டிகிரிக்குக் குளிர்வித்துப் பஞ்சைப் போட்டுக் கலக்கினால், சில நிமிடங்களில் நார் காணாமல் போய்க் கண்ணாடி போன்ற கூழாகிவிடும். நீளச் சங்கிலிப் பஞ்சு என்றால் முதலில் அமிலத்தில் குட்டையாக்க வேண்டும். அந்தக் கூழிலேயே குவாட்டர்னரி அம்மோனியம் என்ற, எப்போதும் நேர்மின்னேற்றம் தாங்கும் நைட்ரஜன் குழுவைச் சங்கிலியோடு பிணைத்துவிடலாம். அதன் நேர்மின்னேற்றம், எதிர்மின்னேற்றமுள்ள கிருமியின் சவ்வை இழுத்துக் கிழிக்கும். எதுவும் கசிவதில்லை. குறையும் உண்டு: சீழ் அதிகமானால் அதிலுள்ள புரதம் மேலே படிந்து மின்னேற்றத்தை மூடிவிடும், ஏற்றம் கூடிப்போனால் சிவப்பணுக்களே உடையும்.

செல்லுலோஸைப் பெர்அயோடேட் என்ற ஆக்சிகரணியால் எளிதில் வினைபுரியும் ஆல்டிஹைடாக்கி, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானோடு சேர்ப்பது மூன்றாவது வழி. தானே கெட்டியாகும், அழகான ஜெல். பெர்அயோடேட் விலைதான் கட்டுப்படியாகாது.

ஒப்பிடும்போது பலர் தவறுவது அகர் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில். வெள்ளி ஜெல்லை வைத்தால் மறுநாள் அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் தெரியும். மின்னேற்ற ஜெல்லைச் சுற்றி ஒன்றும் இருக்காது. உடனே 'இது வேலைக்காகாது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கசியாத பொருள் வளையம் எப்படிக் காட்டும்? அதைத் தூக்கிவிட்டு அடியில் பார்க்க வேண்டும். கிருமிக் கரைசலை ஜெல் மேலேயே விட்டு, மிஞ்சியதை எண்ண வேண்டும்.

என் கணக்கில், சீழ் பிடித்து ஒழுகும் புண்ணுக்கு முதல் சில நாள் வெள்ளி. சதை வளரத் தொடங்கியதும், நாள்கணக்கில் கிடக்கவேண்டிய கட்டுக்கு மின்னேற்ற ஜெல். அமுச்சியின் புண் பெரும்பாலான மாதங்கள் இந்த இரண்டாம் நிலையில்தான் இருந்தது. கோவையில் இதில் இறங்குபவர்கள் கிருமிச் சோதனையோடு தோல் செல் சோதனையையும் அதே வாரம், அதே ஜெல் மாதிரியில் செய்து பார்க்க வேண்டும்.