மோல்மேன் பக்கம் அகல டயர் மாட்டப் போகிறவர்களுக்கு: ரிம்மை உள்ளே அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

பர்மாவில் மோல்மேன், முடோன், தான்பியூசயாத் பக்கம் நம் பிள்ளைகள் 110, 125 சிசி வண்டிகளுக்கு அகல வீல் மாட்டுவது கூடிக்கொண்டே போகிறது. மாட்டுவதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பக்கத்துக் கடை ஒன்று "தாய்லாந்து செட், 2.50 ரிம், 110 டயர், அப்படியே உட்காரும்" (2.50 அங்குல அகல ரிம், 110 மில்லிமீட்டர் அகல டயர்) என்று சொல்லி, பாதிக்கு மேல் முன்பணம் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்த வண்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தவை பயங்கரமானவை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை இதே மாதிரி வேறு கடையும் செய்யலாம் என்பதால், எதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் அங்கே உள்ள சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புரியாது. பெகுவிலும் மோல்மேனிலும் வீட்டுக்கு வீடு வண்டி நிற்கிறது, அந்த வண்டியில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

முதல் ஏமாற்று ரிம்மில். வாங்கும்போது கடைக்காரர் ஸ்கேல் வைத்து அளந்து காட்டியிருக்கிறார், 62 மில்லிமீட்டர். 2.50 அங்குலம் என்பது 63.5 மில்லிமீட்டர், கிட்டத்தட்டச் சரி என்று தோன்றும். அவர் அளந்தது ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு. ரிம் அகலம் என்பது உள்ளே, டயரின் ஓரம் உட்காரும் இடத்தில், ஒரு உதட்டின் (ரிம்மின் எழும்பிய ஓரம்) உட்பக்கத்திலிருந்து அடுத்த உதட்டின் உட்பக்கம் வரை. அங்கே வெர்னியர் வைத்தால் வந்தது 47 மில்லிமீட்டர். அதாவது 1.85 ரிம். உலோகத்தின் கனம், உதட்டின் வளைவு எல்லாம் சேர்ந்து 1.85 ரிம் வெளியே 60 மில்லிமீட்டருக்கு மேல் காட்டும், அதை வைத்துத்தான் விற்கிறார்கள். ரிம்மில் 17 x 2.50 (விட்டம் 17, அகலம் 2.50 அங்குலம்) என்று முத்திரை அடித்திருக்க வேண்டும். இதில் முத்திரை இருக்கும் இடத்தில் புதுக் கறுப்புப் பெயிண்ட் தடிமனாக ஏறியிருந்தது. சுரண்டினால் கீழே 1.85 தெரிந்தது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 110/80-17 டயருக்கு அளவெடுத்த ரிம் 2.50. 2.15 வரைக்கும் இறங்கலாம், அதற்குக் கீழே போகக்கூடாது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர் குறையும். அப்படியானால் காசு கொடுத்தது 110க்கு, தரையில் கிடைத்தது சுமார் 103. அகலம் குறைந்தது கூடப் பரவாயில்லை. இரண்டு பக்கமும் உள்ளே இழுக்கப்படுவதால் டயரின் நடுப்பகுதி மேடாகிவிடுகிறது. நேராக ஓடும்போது நடுவில் ஒரு குறுகிய பட்டைதான் தரையைத் தொடும். நடுவில் சீக்கிரம் தேய்ந்துவிடும், வளைவில் வண்டி திடீரென்று சாயும். டயரின் ஓரம் ரிம்மில் ஒழுங்காக உட்காராமல், காற்றுக் குறையும் நேரத்தில் நழுவவும் செய்யும்.

இரண்டாவது, டயரின் வயது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், கடைசி இரண்டு எந்த வருடம். 3117 என்றால் 2017ஆம் வருடம் 31ஆவது வாரம். இந்த டயரில் அந்த எண் இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். எண் தேய்ந்த டயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பழைய ரப்பர் கட்டியாகிவிடும், பட்டன்கள் ஆழமாக இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது. மோல்மேனில் வருடத்துக்கு 4,800 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது, மே முதல் அக்டோபர் வரை சாலை காய்வதில்லை, தண்ணீர்த் திருவிழா வருகிற ஏப்ரலிலும் தெரு நனைந்தேதான் கிடக்கும். அகல டயர் தண்ணீரை வெட்டிப் போகாமல் தண்ணீர் மேல் ஏறும். புது ரப்பராக இருந்தாலே மழையில் கவனம் வேண்டும், பழையது என்றால் சொல்ல வேண்டியதே இல்லை.

மூன்றாவது செயின். 110 டயரின் இடது ஓரம் செயினில் உரசியிருக்கிறது. அதைச் சரிசெய்ய, பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்னால் ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர்களை அடுக்கி 6 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தார்கள். எஞ்சின் பக்கத்து ஸ்ப்ராக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. செயின் கோணலாக ஓடி, பல்லின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதைவிடக் கெட்டது, வாஷர் அடுக்கியதால் நட்டு பிடித்திருந்தது மூன்று மரைதான். ஓட்டத்தில் அது கழன்று செயின் சக்கரத்துக்குள் விழுந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

நாலாவதைப் படித்துவிட்டு உடனே உங்கள் வண்டியைப் போய்ப் பாருங்கள். பின் டிரம் பிரேக்கின் மூடித் தட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) ஒரு இரும்புக் கம்பி போகும், இரண்டு முனையிலும் போல்ட்டு, நட்டு, நட்டு கழலாமல் இருக்க அதில் பிளவு ஊசி. பிரேக் பிடிக்கும்போது அந்தத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் நிறுத்துவது இந்தக் கம்பிதான். சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளி மாட்டியதால் கம்பியின் துளை நேருக்கு வரவில்லை. கடையில் போல்ட்டுக்குப் பதில் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். மேலே கறுப்புப் பெயிண்ட். வேகத்தில் பின் பிரேக்கை அழுத்தியிருந்தால் கட்டுக்கம்பி அறுந்து, தட்டு சுழன்று, பிரேக் கம்பியை இழுத்துக்கொண்டு சக்கரம் நின்றிருக்கும். பின்னால் தங்கச்சியை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி அது.

இன்னும் உண்டு. ஸ்போக் நீளமாகிப் போனதை வெட்டித் தேய்க்காமல் விட்டதால் நிப்பிளுக்கு (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நட்டு) மேலே 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனைகள் ட்யூபைக் குத்தாமல் மேலே போடும் ரப்பர் பட்டை கிடையாது. உள்ளே 2.50-17 என்று எழுதிய பழைய ட்யூப். 110 டயருக்குள் அந்தச் சின்ன ட்யூப் அளவுக்கு மேல் ஊதி மெலிந்து, வால்வு அடியில் வெடிப்பு விட்டிருந்தது. சுழலும் திசையைக் காட்டும் டயரின் அம்புக்குறி தலைகீழ். காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ., அளவுக்கு மேல்.

சரி, இதை வீட்டிலேயே ஒழுங்காகச் செய்ய முடியுமா? முடியும். ஆனால் எவ்வளவு அகலம் என்பதில் ஆசையை அடக்க வேண்டும். 110 சிசி வண்டிக்குப் பின்னால் 1.85 ரிம்மில் 90/80-17, முன்னால் 1.60 ரிம்மில் 80/90-17, இதற்கு மேல் போவதால் பார்வைக்குத் தவிர வேறு லாபம் கிடையாது. எஞ்சினின் பலம் அவ்வளவுதான். கனமான சக்கரத்தைச் சுழற்றவே அது செலவாகிவிடும்.

கணக்கை முதலில் போடுங்கள். 80/90-17 என்றால் அகலம் 80, உயரம் அதில் 90 சதவீதம், 72 மில்லிமீட்டர். ரிம் விட்டம் 432. மேலும் கீழும் 72 கூட்டினால் மொத்த விட்டம் 576. 90/80-17க்கும் உயரம் 72தான், மொத்தம் அதே 576. அதனால்தான் அது சிக்கலில்லாமல் உட்காருகிறது. 110/80-17க்கு உயரம் 88, மொத்தம் 608. சக்கரம் ஒரு சுற்றுக்கு 10 சென்டிமீட்டர் கூடுதலாகப் போகும், கியர் ஐந்தரை சதவீதம் நீளும், மேட்டில் வண்டி திணறும். பழைய இழுவை வேண்டுமானால் பின் ஸ்ப்ராக்கெட்டின் 36 பல்லை 38 ஆக்க வேண்டும், செயினிலும் கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். டயரின் மேல்விளிம்பும் முன்விளிம்பும் 16 மில்லிமீட்டர் வெளியே வருகின்றன, மட்கார்டும் ஸ்விங் ஆர்மின் குறுக்குச் சட்டமும் அந்த 16ஐத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். முன் சக்கரத்திலிருந்து வேக மீட்டர் ஓடும் வண்டியில் முன் டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டும். 70/90-17ஐ எடுத்துவிட்டு 90/80-17 போட்டால் மீட்டர் 60 காட்டும்போது உண்மையான வேகம் 62. முன்னால் 80/90-17 போட்டாலும் விட்டம் அதே 576 என்பதால் இதே 62தான்.

இடைவெளி பார்ப்பது எப்படி என்றால், டயர் வாங்குவதற்கு முன்பே, பழைய சக்கரத்தை மாட்டியபடியே டயர் ஓரத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும், டயர் ஓரத்துக்கும் செயினுக்கும் எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது டயர் பழையதைவிட எவ்வளவு கூடுதல் அகலமோ அதில் பாதியை ஒவ்வொரு பக்கமும் கழியுங்கள். கழித்த பின்னும் 8 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். டயர் வேகத்தில் கொஞ்சம் விரியும், சேறும் ஒட்டும். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு ஷாக்கின் கீழ்ப் போல்ட்டையும் கழற்றி, சக்கரத்தைக் கையால் மேலே தூக்குங்கள். ஷாக் முழுவதும் அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு ஏறும் என்பது அப்போதுதான் தெரியும். நிறுத்தி வைத்த வண்டியில் விரல் நுழைகிறது என்று விட்டுவிட்டால், இரண்டு பேர் ஏறிக் குழியில் இறங்கும்போது மட்கார்டில் டயர் அறுபடும்.

ரிம் மாற்றும்போது பழைய ஹப்பையே (சக்கரத்தின் நடு உருளை) வைத்துக்கொள்ளுங்கள். 36 துளை ஹப்புக்கு 36 துளை ரிம். ஸ்போக் நீளம் ரிம்மின் உள்விட்டத்தைப் பொறுத்தது. கனமான அலுமினிய ரிம்முக்குப் பழைய ஸ்போக் நீளமாகிவிடும், சரியான நீளத்தில் புது செட் வாங்குவதே நல்லது. பிரிப்பதற்கு முன் ரிம்மின் ஓரத்துக்கும் ஹப்பின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் குறித்து வையுங்கள். ரிம்மின் நடுக்கோடு ஸ்விங் ஆர்மின் நடுவில் வரவேண்டும், ஹப்பின் நடுவில் அல்ல. பலர் தவறுவது இங்கேதான். கோட்டம் எடுக்கும்போது பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைவு 2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவது கையில் பொறுமை உள்ள யாருக்கும் முடியும். நிப்பிளை ஒரேயடியாக முறுக்காமல் கால் சுற்று, கால் சுற்றாகப் போங்கள். முடிந்ததும் உட்பக்கம் விரலால் தடவுங்கள். எந்த ஸ்போக் முனையாவது விரலில் பட்டால் அரம் போட்டுத் தேயுங்கள். அதன்மேல் புது ரப்பர் பட்டை, டயர் அளவு எழுதிய புது ட்யூப். ஸ்போக் ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே ட்யூப் வேண்டும்.

டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மாட்டி, காற்று ஏற்றி, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். பக்கச் சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டவே கூடாது. ஓட்டும்போது முன் சக்கரத்துக்கு 29, பின் சக்கரத்துக்குத் தனியாக என்றால் 33, இரண்டு பேர் என்றால் 41 பி.எஸ்.ஐ. இது வேவ் வண்டிக்கு ஹோண்டா சொல்லும் அளவு, 90/80க்கும் இதிலிருந்தே தொடங்கலாம். பின் ஆக்சில் நட்டு பல சிறு வண்டிகளில் 50 முதல் 60 நியூட்டன் மீட்டர், உங்கள் கையேட்டில் உள்ளதே சரி. செயின் தொய்வு பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர். பிரேக் தட்டின் கம்பியில் போல்ட்டு, நட்டு, புதுப் பிளவு ஊசி. இவை மாட்டாமல் சக்கரத்தைத் தரையில் இறக்காதீர்கள்.

கடையில்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுக்கும் முன் ரிம்மை டயர் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள், உள்ளே நீங்களே அளந்து, முத்திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பொருள் என்ற பெயர் மட்டும் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது. கழற்றிய பழைய ரிம்மும் ஸ்போக்கும் கையோடு வாங்கி வாருங்கள். இந்தக் கடை அதையும் வைத்துக்கொண்டு, வேறு ஒருவருக்குப் பெயிண்ட் அடித்து விற்கத்தான் பார்த்தது.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் இன்றைக்கே மூன்றைப் பாருங்கள்: பிரேக் தட்டின் கம்பி, ஸ்ப்ராக்கெட் நட்டுக்குப் பின்னால் வாஷர் அடுக்கு, செயினுக்கும் டயருக்கும் இடைவெளி. கம்பியில் கட்டுக்கம்பி தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். தள்ளிக்கொண்டோ, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டோ போங்கள்.