தராசு, பி.எம்.ஐ, தையல் நூல்: பிள்ளையின் நிறைக்கு எதை நம்பலாம்?

போன மாதம் கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் பிள்ளைகளைத் தராசில் ஏற்றினோம். அக்கா மகளுக்கும் என் மகளுக்கும் வயது 10. சொல்லிவைத்தாற்போல் இருவரும் 36 கிலோ. "பிறகென்ன, ரெண்டும் ஒண்டுதானே" என்றார் அம்மா. ஆனால் என் மகள் 144 சென்ரிமீற்றர், அக்கா மகள் 130. எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே கூட்டாகத்தான் தராசு சொல்லும்.

அப்புறம் பி.எம்.ஐ பார்த்தோம், அதாவது கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு தரம் வகுத்தால் வரும் எண். என் மகளுக்கு 17.4, மற்றவளுக்கு 21.3. பெரியவர்களுக்கான 18.5 முதல் 25 வரை என்ற அளவை வைத்தால் என் மகள் மெலிவு, அக்கா மகள் சரியான நிறை! பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 வளர்ச்சி வளைகோட்டில் 10 வயதுப் பெண்பிள்ளைக்கு நடு அளவு 16.6. 19ஐத் தாண்டினால் அதிக நிறை, 22.6ஐத் தாண்டினால் உடற்பருமன். தீர்ப்பு அப்படியே தலைகீழாகிவிட்டது. (ஐந்தாறு வயதில் இந்த எண் இயல்பாகவே ஆகக் குறைவாக இருக்கும். "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்று திணித்து ஊட்டாதீர்கள்.)

அத்தான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த, காலில் மின்சாரம் விட்டுக் கொழுப்பு வீதம் காட்டும் தராசைப் பிள்ளைகளுக்கு நான் நம்பமாட்டேன். உடம்பில் தண்ணீர் கூடிக் குறைந்தாலே அதன் எண் மாறும்.

பி.எம்.ஐக்கும் ஒரு குறை உண்டு: தசையையும் கொழுப்பையும் அது பிரித்துச் சொல்லாது. அதே எண்ணில் நம் தெற்காசியப் பிள்ளைகளிடம் கொழுப்பு கூடுதலாக இருப்பதுமுண்டு. அதனால்தான் தையல் நூலை எடுத்தேன். உச்சி முதல் பாதம் வரை அளந்து, இரண்டாக மடித்து, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றினேன். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். என் மகளுக்கு நாலு விரலுக்கு மேல் நூல் மிச்சம். மற்றவளுக்கு முனைகள் தொடவில்லை, இரண்டு விரல் இடைவெளி.

என் தேர்வு முதலில் வயதுக்கேற்ற பி.எம்.ஐ, அடுத்தது நூல். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இரண்டும் வேண்டாம், மருத்துவமாது குறிக்கும் வளர்ச்சிப் பதிவேடே போதும்.

அக்கா உடனே சோற்றைக் குறைக்கப் பார்த்தார், நான் விடவில்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போடக்கூடாது. சோடாவை நிறுத்தி, பின்னேரம் கடற்கரையில் ஓடவிட்டால் போதும் என்றேன். 36 கிலோவிலேயே நின்று அவள் 140க்கு வளர்ந்தால் பி.எம்.ஐ 18.4.