மோர்பின் விலகல்: விஸ்டாரா, லூயிஸ்–ஃபிஷர் சோடியா?

மோர்பினுக்குப் பழகிய உடல் அது நின்றதும் படும் அவதிதான் விலகல். அதை எந்த எலி இனத்தில் ஆராய்வது? கொழும்பில் கைக்கெட்டுவது விஸ்டார் எலிதான். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் வளர்க்கிறார்கள். ஆனால் புறக்கலப்பு இனம் (நெருங்கிய உறவில்லாத எலிகளை இணைத்து வளர்ப்பது), எலிக்கு எலி பரம்பரையலகு வேறு. ஒரு வாரம் மோர்பின் ஏற்றி, மோர்பினின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் தோலடியில் போட்டால், சில நிமிடங்களில் ஒன்று பல்லை நறநறக்கும், நனைந்த நாய்போல் உடம்பை உதறும், பேதியாகும். பக்கத்துக் கூட்டில் உள்ளது சும்மா கிடக்கும். காரணம் பிறவியா, வளர்ப்பா? பிரித்துச் சொல்ல முடியாது.

லூயிஸ், ஃபிஷர் 344 இரண்டும் 20 தலைமுறைக்கு மேல் உடன்பிறப்புகளை இணைத்து எடுத்த எலி இனங்கள்; ஒவ்வோர் இனத்துக்குள்ளும் பரம்பரையலகு ஏறக்குறைய ஒன்றே. கேள்வி பரம்பரையலகு என்றால் இந்தச் சோடிதான், செலவு இடித்தாலும். மோர்பினைத் தானே எடுப்பதில் லூயிஸ் முந்தும். நெருக்கடியில் கோர்ட்டிகோஸ்டெரோன் என்ற நெருக்கடி ஓமோனைக் கொட்டுவது ஃபிஷர். அதனால் விமானத்தில் வந்திறங்கிய கையோடு ஊசி போடக் கூடாது: குறைந்தது ஒரு வாரம் பழகவிடுங்கள். இல்லாவிட்டால் அளப்பது பயணக் களைப்பைத்தான்.